கிருஷ்ணதேவராயரும் நரசிங்கப் பேருருவும்

நீலகிரி மலைமுடிகளுள் மிக உயர்ந்தது தொட்டபெட்டா. 2,637 மீட்டர் உயரமுள்ள அம்முடியின்மேல் நின்று, வானம் தெளிந்த காலையில் வடதிசையை நோக்கினால், தேயிலைத் தோட்டங்களுக்கும் சோலைக் காடுகளுக்கும் அப்பால் மைசூர்ப் பீடபூமி நீல விரிப்பெனப் பரந்து கிடப்பதைக் காணலாம். உதகையிலிருந்து கூடலூர் வழியாக இறங்குவோர் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளைக் கடந்து அப்பீடபூமியை அடைவர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிலப்பகுதியை உம்மத்தூர்த் தலைவர்கள் ஆண்டு வந்தனர். நீலகிரியின் தலைவர் என்பது அவர்கள் பூண்ட விருதுகளுள் ஒன்று. ஒருபுறம் வானளாவிய மலையும், மறுபுறம் காவிரியாறும் அரணாக அமைந்தமையால், தமக்கு மேலும் ஒரு வேந்தர் உண்டு என்பதை அவர்கள் மதியாதிருந்தனர். அச்செருக்கை அடக்கியவர் விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். அவர் தம் வாழ்நாளின் இறுதியில் அமைத்த நரசிங்கப் பேருருவம் இன்றும் ஹம்பியில் வீற்றிருக்கிறது. அவருடைய பெருமையையும், அவர் செய்த பெரும்பிழையையும், அவருக்குப் பின் அந்நகருக்கு நேர்ந்த அழிவையும் ஒருங்கே நினைவூட்டுவது அக்கற்சிலையாகும்.

கிருஷ்ணதேவராயரின் தந்தை நரச நாயக்கர்; தாய் நாகலாதேவி. துளுவ மரபினரான நரச நாயக்கர் விசயநகரத்தின் படைத்தலைவராய் விளங்கியவர். அரசர் இளைஞராய் இருந்தமையால் ஆட்சிப் பொறுப்பையும் தாமே தாங்கியவர். அவர்தம் மூத்த மகன் வீரநரசிம்மர் 1505இல் அரியணை ஏறினார். நான்கு ஆண்டுகளே ஆண்ட அவர், 1509இல் கடும் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். அப்போது அவருடைய மகன் எட்டு வயதுச் சிறுவன். மாற்றாந்தாயின் மகனாகிய தம்பி கிருஷ்ணதேவர் இருக்கும்வரை தம் மகனுக்கு அரசுரிமை நிலைக்காது என்று அம்மன்னர் அஞ்சினார். ஆதலின், அமைச்சர் சாளுவ திம்மரசரை அழைத்து, தம்பியின் கண்களைப் பறித்துக் கொணர்ந்து காட்டுமாறு கட்டளையிட்டார்.

திம்மரசர் அறிவாலும் முதுமையாலும் சிறந்தவர். அவர் இளவரசரைக் குதிரைக் கொட்டிலுக்குத் தனியே அழைத்துச் சென்று, மன்னரின் கட்டளையைத் தெரிவித்தார். கிருஷ்ணதேவருக்கு அப்போது இருபது வயதிற்குச் சற்று மேல் இருக்கும். தமக்கு அரசு வேண்டா என்றும், துறவுக்கோலம் பூண்டு நாட்டை விட்டே நீங்கிவிட விரும்புவதாகவும் அவர் கூறினார். அவர்தம் பண்பையும் ஆற்றலையும் எண்ணிப் பார்த்த அமைச்சர், வெள்ளாடு ஒன்றின் கண்களை எடுத்துச் சென்று நோயுற்றிருந்த மன்னருக்குக் காட்டினார். மன்னர் மறைந்தபின் கிருஷ்ணதேவரையே அரியணையில் அமர்த்தினார். பிற்காலத்தில் விசயநகரத்திற்கு வந்து தங்கிய பெர்னாவோ நூனிஸ் என்னும் போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் இச்செய்தியை எழுதி வைத்துள்ளார். கிருஷ்ணதேவராயர் கண்ணொளியோடு உலகைக் கண்டதும், மணிமுடி புனைந்ததும் திம்மரசரின் அருளால் எனலாம். இந்நன்றியை மறவாத மன்னர் அவரைத் தந்தையாகவே மதித்து அப்பாஜி என அழைத்து வந்தார் என்பது மரபு. தெனாலிராமன் கதைகளோடு இராயர் அப்பாஜி கதைகளும் தமிழ்நாட்டுச் சிறுவர் பலரும் கேட்டு மகிழ்ந்தவை.

முடிசூட்டு விழாவின் நினைவாக 1510இல் மன்னர் ஹம்பியிலுள்ள விருபாட்சர் கோயிலில் மண்டபமும் கோபுரமும் எழுப்பினார். அதன்பின் தெற்கு நோக்கிப் படை நடத்தினார். உம்மத்தூர்த் தலைவன் கங்கராசன் காவிரியின் நடுவே அமைந்த சிவசமுத்திரத் தீவில் கோட்டை அமைத்து, அடங்காதிருந்தான். ஆறு இரு கூறாகப் பிரிந்து அருவியாய் வீழும் அவ்விடத்தில் கோட்டையை முற்றுகையிடுதல் எளிதன்று. எனினும் விசயநகரப் படை தளராது நின்று, 1512இல் அக்கோட்டையைக் கைப்பற்றியது. தப்பியோட முயன்ற கங்கராசன் காவிரி வெள்ளத்தில் மூழ்கி மாண்டான். நீலகிரியின் அடிவாரம் வரையுள்ள நாடு சீரங்கப்பட்டணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஆட்சியின் கீழ் வந்தது.

தெற்கே அமைதி நிலவியதும் மன்னரின் கருத்து கிழக்கே சென்றது. ஒரிசாவை ஆண்ட பிரதாபருத்திர கஜபதி, முன்னர் விசயநகரத்திற்கு உரியனவாய் இருந்த உதயகிரி, கொண்டவீடு முதலிய கோட்டைகளைத் தம் வசம் வைத்திருந்தார். உதயகிரி செங்குத்தான மலைக்கோட்டை. மன்னர் பாறைகளை உடைத்துப் படை செல்வதற்கு வழி அமைத்து, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் முற்றுகையிட்டு, 1514இல் அதனை வென்றார். மறு ஆண்டில் கொண்டவீடும் வீழ்ந்தது. இப்போர்களிலெல்லாம் திம்மரசரே மன்னரின் வலக்கையாய் விளங்கினார். உதயகிரியிலிருந்து பாலகிருஷ்ணர் திருவுருவம் ஒன்றைக் கொணர்ந்த மன்னர், ஹம்பியில் அதற்கெனக் கோயில் எடுத்து, 1515இல் எழுந்தருளச் செய்தார். அத்திருவுருவம் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. இறுதியில் கஜபதி வேந்தர் தம் மகளைக் கிருஷ்ணதேவராயருக்கு மணம் செய்து கொடுத்து உடன்படிக்கை செய்துகொண்டார். வென்ற மன்னரும் கிருஷ்ணையாற்றுக்கு வடக்கேயிருந்த நாடுகளை மாமனாரிடமே திருப்பித் தந்தார்.

போரில் வென்ற பொருளை மன்னர் தம் களிப்புக்கென மட்டும் செலவிட்டாரல்லர். தமிழ்நாட்டுத் திருக்கோயில்கள் பலவற்றில் அவர்தம் கொடை இன்றும் கண்முன் நிற்கிறது. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் பெருங்கோபுரமும், தில்லையின் வடக்குக் கோபுரமும் அவர் பணிகள். திருவண்ணாமலையில் 217 அடி உயரமுள்ள பதினொரு நிலைக் கோபுரத்தை அவர் தொடங்க, தஞ்சையை ஆண்ட செவ்வப்ப நாயக்கர் அதனை நிறைவு செய்தார். திருவேங்கடமலைக்கு 1513 முதல் 1521 வரை ஏழுமுறை சென்று வழிபட்ட அவர், பொன்னும் மணியும் ஊர்களும் வழங்கினார். அக்கோயிலின் நுழைவு மண்டபத்தில் மன்னரும், திருமலாதேவி, சின்னாதேவி என்னும் தேவியர் இருவரும் கைகூப்பி நிற்கும் செப்புருவங்கள் உள்ளன. பேரரசர் ஒருவர் தம் உருவத்தைப் பணிந்து நிற்கும் கோலத்திலேயே அமைத்துக்கொண்டமை எண்ணத்தக்கது.

அவருடைய அன்றாட வாழ்வைப் போர்ச்சுகீசியப் பயணியாகிய டொமிங்கோ பேயஸ் நேரிற் கண்டு விவரித்துள்ளார். நடுத்தர உயரமும், சற்றுப் பருத்த உடலும், அம்மைத் தழும்புள்ள முகமும் உடையவர் மன்னர். விடியுமுன்னரே எழுந்து நல்லெண்ணெய் பருகி, எண்ணெய் பூசி, எடை தூக்கியும் வாள் சுழற்றியும் மற்போர் செய்தும் உடலை உறுதிப்படுத்துவார். பின்னர்க் குதிரை ஏறி வெளிநிலத்தில் நெடுந்தூரம் செல்வார். இனிய பண்பினராயினும், திடீரென மூண்டெழும் சினம் அவரிடம் இருந்ததென்பதையும் அப்பயணி குறிக்கத் தவறவில்லை. வறண்ட நிலத்தைக் கண்டபோது மன்னர் போர்ச்சுகீசியக் கட்டட வல்லுநர் ஒருவரின் துணையோடு தலைநகரின் அருகே பேரேரி ஒன்றை வெட்டுவித்தார். 1520இல் நிகழ்ந்த இராய்ச்சூர்ப் போரில் தம் படையின் முன்னணி சிதறிப் பின்வாங்கியதைக் கண்டு, தாமே குதிரை மீதேறிப் படையை நடத்திப் பீசப்பூர்ச் சுல்தானை வென்றார்.

வாளேந்திய கை எழுத்தாணியையும் ஏந்தியது. கலிங்கப் போரின்போது கிருஷ்ணையாற்றங்கரையிலுள்ள ஸ்ரீகாகுளத்தில் தங்கியிருந்த அவரது கனவில் திருமால் தோன்றி, கோதையை மணந்த வரலாற்றைத் தெலுங்கில் பாடுமாறு பணித்ததாக அவரே தம் நூலில் கூறுகிறார். அவ்வாறு பிறந்தது ஆமுக்தமால்யதை என்னும் காப்பியம். தாம் சூடிய மாலையை இறைவனுக்குக் கொடுத்தவள் என்பது அப்பெயரின் பொருள். திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரும் ஆண்டாளும் அதன் தலைமாந்தர். தமிழ் மண்ணில் பிறந்த பெண்ணின் பக்தியைத் துளுவ மரபில் தோன்றிக் கன்னட நாட்டில் வாழ்ந்த வேந்தர் தெலுங்குக் காப்பியமாக்கினார். மொழிகள் ஒன்றையொன்று உறவாகக் கொள்ளக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

அந்நூலில் அரசியல் முறைகளையும் அவர் கூறியுள்ளார். ஏரி, குளங்களைப் பெருக்குதல், துறைமுகங்களைப் பேணுதல், அமைச்சரைத் தெரிதல் ஆகியவை ஆங்கு விளக்கப்படுகின்றன. காட்டிலும் மலையிலும் வாழும் மக்களைப் பற்றியும் அவர் எண்ணியிருக்கிறார். அம்மக்களைச் சினத்தால் அடக்கிவிட முடியாது. அன்பாலும் கொடையாலும் அவர்தம் நம்பிக்கையைப் பெறுதலே அரசர்க்கு நலந்தரும் என்பது அவர் கருத்து. நீலகிரி போன்ற மலைகள் சூழ்ந்த எல்லைகளில் போர் செய்து கண்ட பட்டறிவு அவ்வாறு அவரை எண்ணச் செய்திருக்கலாம். பிறர்க்கு இவ்வாறு அறிவுரை கூறிய பெருமகன், தம் வாழ்வில் சினத்தை அடக்க வேண்டிய நேரத்தில் அடக்க இயலாமற் போயினார்.

மன்னருக்குத் திருமலை என்று ஒரு மகன் இருந்தான். தமக்குப் பின் அரசுரிமை பற்றிக் குழப்பம் நேரலாகாதென விரும்பிய மன்னர், 1524இல் ஆறு வயதுச் சிறுவனாகிய அவனுக்கு முடிசூட்டித் தாம் அமைச்சர் போல் உடனிருந்து ஆட்சியை நடத்தினார். விழாக்கள் பல மாதங்கள் நிகழ்ந்தன. அவ்விழாக்களின் ஊடே சிறுவன் நோயுற்று இறந்தான். துயரத்தில் மூழ்கிய மன்னரின் செவியில் ஒரு சொல் வீழ்ந்தது. திம்மரசரின் மகன் நஞ்சிட்டுச் சிறுவனைக் கொன்றான் என்பதே அச்சொல். நூனிஸ் எழுதியபடி, மன்னர் அதனை மெய்யெனவே கொண்டார். அரசவைக்கு வந்த முதிய அமைச்சரைச் சுற்றத்தோடு சிறையிலிட்டார். பின்னர்ச் சிறையிலிருந்து தப்பிய அமைச்சரின் மகன் படை திரட்டிக் கலகம் விளைவித்துப் பிடிபட்டான். மன்னரின் சினம் எல்லை கடந்தது. அந்தணரைக் கொல்லுதல் அந்நாட்டு வழக்கமன்று. ஆதலின் திம்மரசர், அவர் மகன், அவர் தம்பி ஆகிய மூவரின் கண்களையும் பறிக்குமாறு ஆணை பிறந்தது, அவ்வாணை நிறைவேறியது.

பல ஆண்டுகளுக்கு முன் குதிரைக் கொட்டிலில் ஓர் இளைஞனின் கண்களைக் காத்த முதியவர், அவ்விளைஞனின் ஆணையாலேயே தம் கண்களை இழந்தார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகச் சான்று இல்லை. மகனை இழந்த தந்தையின் துயர் பெரிது; ஆயினும் அத்துயர் நீதியின் இடத்தில் அமரத் தகாது. கண்ணோட்டம் என்னும் பண்பை அரசர்க்கு இன்றியமையாததெனக் கருதியே திருவள்ளுவர் அரசியலில் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். முடியும் படையும் புலமையும் நிறைந்திருந்த கிருஷ்ணதேவராயரிடம் அந்த ஒரு நாளில் அப்பண்பு இல்லாதொழிந்தது. பழுத்த அமைச்சரை இழந்த அரசும் முன்போல் செழிக்கவில்லை. மன்னரும் நெடுநாள் வாழவில்லை.

1528இல் கிருஷ்ணதேவராயர் தம் இறுதிப் பெரும்பணிகளுள் ஒன்றாக நரசிங்கர் திருவுருவத்தை அமைத்தார். துங்கபத்திரையின் தென்கரையில், பாலகிருஷ்ணர் கோயிலுக்குத் தெற்கே வாழைத் தோட்டங்களின் நடுவே செல்லும் வழியில் அவ்வுருவம் உள்ளது. அருகே, எப்போதும் நீர் சூழ்ந்த கருவறையில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள சிவலிங்கம் ஒன்று எழுந்து நிற்கிறது. நரசிங்கரின் உயரம் 6.7 மீட்டர், அஃதாவது ஏறத்தாழ 22 அடி. வேறிடத்திலிருந்து கல் கொணராமல், அவ்விடத்தில் கிடந்த பெரும்பாறை ஒன்றையே சிற்பிகள் உருவமாகச் செதுக்கினர். ஏழு தலைகளையுடைய ஆதிசேடன் குடையாய்ப் படம் விரிக்க, அதற்கும் மேல் மகரத் தோரணம் வளைந்து நிற்க, சிங்கமுகத்துப் பெருமான் அமர்ந்திருக்கிறார். வாயிலைக் கடந்து உள்ளே செல்வோர் முதலிற் காண்பவை பிதுங்கி வெளிப்பட்ட அப்பெரு விழிகளே. அவற்றின் முன் நிற்பவர் எத்துணை உயர்ந்தவராயினும் தம்மைச் சிறியவராகவே உணர்வர்.

உருவம் நிறைவுற்ற மறு ஆண்டில், 1529 அக்டோபர் 17ஆம் நாள், மன்னர் மறைந்தார். தும்கூரை அடுத்த ஹொன்னேனஹள்ளியிற் கிடைத்த கல்வெட்டு அந்நாளை உறுதிப்படுத்துகிறது. அவருக்குப் பின் தம்பி அச்சுதராயரும், அவர்க்குப் பின் சதாசிவராயரும் முடிசூடினர். எனினும் சதாசிவர் காலத்தில் உண்மையான அதிகாரம் கிருஷ்ணதேவராயரின் மருமகனான இராமராயர் கையில் இருந்தது. 1565 சனவரியில் தக்காணச் சுல்தான்கள் ஒன்றுகூடித் தலைக்கோட்டைப் போரில் விசயநகரப் படையை முறியடித்தனர். இராமராயர் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். உரோமாபுரியைப் போல் பெரிதெனப் பேயஸ் வியந்த மாநகரம் கொள்ளையிடப்பட்டுச் சில திங்களில் பாழாயிற்று.

அவ்வழிவில் நரசிங்கப் பேருருவமும் சிதைந்தது. கைகள் ஒடிந்தன. இடத் தொடைமீது அமர்ந்திருந்த திருமகளின் உருவம் பெயர்க்கப்பட்டது. இன்று காண்போர் பலர் சினமே வடிவான உக்கிர நரசிங்கர் என இவ்வுருவத்தைக் கருதுகின்றனர். உண்மையில் இது திருமகளோடு அமர்ந்த இலட்சுமி நரசிங்கர் உருவம். அன்பரின் பிழையை இறைவன் பொறுக்குமாறு அருகிருந்து பரிந்து பேசுபவள் திருமகள் என்பது வைணவர் கொள்கை. அவள் அருகில் இருந்தமையால் அப்பெரு விழிகளின் வெம்மை தணிந்திருந்தது. அருள் நீங்கியதும் சினம் மட்டுமே எஞ்சித் தோன்றுகிறது. எனினும் பின்புறம் சென்று உற்றுநோக்குவோர்க்கு ஒரு வியப்பு உண்டு. இறைவனை அணைத்த திருமகளின் கை ஒன்று மட்டும் அவன் முதுகின்மேல் இன்னும் அழியாமல் பதிந்திருக்கிறது. பிற்காலத்தில் தொல்பொருள் துறையினர் உருவத்தைச் செப்பனிட்டு, முழங்கால்களைப் பிணிக்கும் கற்பட்டையை அமைத்தனர். 1986இல் ஹம்பியின் நினைவுச் சின்னங்கள் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டன.

பேரரசு வீழ்ந்தமையின் விளைவு நீலகிரி வரையிலும் பரவியது. வடக்கே நிலவிய குழப்பத்தால் மைசூர்ச் சமவெளியிலிருந்து குடிகள் சிலர் மலையேறி வந்து நிலந்திருத்தி உழுது வாழ்ந்தனர் என்றும், அவர்களே படகர் எனப்பெற்றனர் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். வடக்கர் என்பதே அப்பெயரின் பொருள். 1603இல் மலையேறி வந்த பெனிசியோ என்னும் இத்தாலியப் பாதிரியார் தொதவரோடு படகரையும் அங்குக் கண்டதாக எழுதியிருக்கிறார். கன்னடத்தோடு நெருங்கிய உறவுடைய படகர் மொழி இன்றும் உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளின் ஊர்களில் ஒலிக்கிறது. தேயிலைச் சரிவுகளின் நடுவே அம்மொழியைக் கேட்போர், தொலைவிலுள்ள ஹம்பியின் வரலாற்றில் ஒரு பகுதியைக் கேட்பவராவர்.

கிருஷ்ணதேவராயர் வென்ற நாடுகள் பிறர் கைக்குச் சென்றன. அவர் ஆண்ட மாநகரம் இடிந்தது. அவர் அமைத்த பேருருவமும் ஊனமுற்றது. கோதையைப் பற்றி அவர் பாடிய காப்பியமும், தமிழ்நாட்டுக் கோபுரங்களும் அவர் புகழை இன்றும் கூறி நிற்கின்றன. திம்மரசருக்கு இழைத்த கொடுமையோ, அப்புகழின்மீது படிந்த நீங்காத கறையாயிற்று. பெரியோரின் வரலாற்றைக் கற்பவர் அவர்தம் வெற்றியைக் கண்டு மகிழ்வதோடு, அவர் தவறிய இடத்தையும் அறிந்து தம்மைக் காத்துக்கொள்ளுதல் வேண்டும். சினம் மூளும் வேளையில் ஆராய்ந்து அமைதலும், நன்றி செய்தாரை மறவாதிருத்தலும் அரசர்க்கே அன்றி அனைவர்க்கும் உரிய கடமைகளாம். ஹம்பியின் நரசிங்கரைக் காணச் செல்வோர் அவர்தம் விழிகளைக் கண்டு அஞ்சியதோடு திரும்பிவிடாமல், பின்புறம் சென்று, முதுகின்மேல் எஞ்சியுள்ள திருமகளின் கையையும் கண்டு வருதல் நன்று.